புதுப் பெட்டியை மாட்டுவதற்கு முன்

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்ல மனம் வரவில்லை. வாடிக்கையாளர் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளைப் பெட்டி) புகைந்துவிட்டது, புதுசு வாங்கி மாட்டினேன், பேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது, போர்டும் போயிருக்குமா அண்ணே என்றாய். போயிருக்கலாம். பழைய பெட்டி எப்படிச் செத்தது என்று பார்த்தாயா என்று கேட்டேன். நீ பேசவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உன்னைப் போலப் புதிதாகக் கடை போட்டிருக்கும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று எல்லோர் பார்வைக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பவர் பட்டனை இனி அழுத்தாதே. நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தேன் என்றாயே, அதுதான் எனக்கு வருத்தம். பேன் அசைந்து நிற்கிறது என்றால், அந்தப் புதுப் பெட்டி பெரும்பாலும் எங்கோ ஷார்ட் இருப்பதைக் கண்டு தானே நின்றுகொள்கிறது. அதை மதித்து பிளக்கைப் பிடுங்கு. அடுத்து டிஸ்க்கைக் கழற்றித் தனியே வை. போர்டு, ராம், கார்டு எல்லாம் கடையில் கிடைக்கும். டிஸ்க்கில் இருப்பது எந்தக் கடையிலும் கிடைக்காது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு போட்டோ ஸ்டுடியோ மெஷின், உள்ளே இரண்டு டிஸ்க். பெட்டி செத்துப்போய் வந்தது. கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடல். உள்ளே பழைய கேபிள்கள் அழகாகக் கட்டியிருந்தன. அவிழ்க்கச் சோம்பல் பட்டு, புதுப் பெட்டியில் பழைய சாட்டா கேபிளையே சொருகினேன். பிளக் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆன் செய்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம், கூடவே கருகல் வாசனை. டிஸ்க் பக்கம் உள்ள பின் வரிசைக்குத்தான் பொது வரையறை உண்டு. பெட்டிப் பக்கத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரிசை, ஒரே கம்பெனியில்கூட மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போகவேண்டிய லைனில் 12 வோல்ட் போய்விட்டது. ஸ்டுடியோக்காரர் திட்டவில்லை. பதிவு நோட்டைப் புரட்டி, அந்த இரண்டு டிஸ்க்கிலும் இருந்த கல்யாணங்களை விரல் வைத்து எண்ணினார். பதினேழு.

ஒரு டிஸ்க் பிழைத்தது. டிஸ்க்கின் பச்சைப் போர்டில், பவர் கனெக்டருக்குப் பக்கத்தில் அரிசி மாதிரிக் கறுப்பாக இரண்டு டயோடு இருக்கும். ஒன்று 5 வோல்ட்டுக்கு, ஒன்று 12 வோல்ட்டுக்கு. வோல்டேஜ் எகிறினால் அவை ஷார்ட்டாகி மற்றதைக் காப்பாற்றும். ஷார்ட்டானதை எடுத்துவிட்டால் பல டிஸ்க்குகள் எழுந்துகொள்ளும். ஆனால் அதன்பிறகு அதற்குக் காவல் கிடையாது. நல்ல சப்ளையில் போட்டு, உடனே காப்பி எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். இன்னொரு டிஸ்க்குக்குப் போர்டே கருகிவிட்டது. அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் போதாது. அந்த டிஸ்க்குக்கென்றே எழுதிய விவரங்கள் பல மாடல்களில் எட்டுக் கால் சிப் ஒன்றில் இருக்கும், அதையும் பெயர்த்து வைக்கவேண்டும். அது எனக்கு அன்று தெரியாது. எஸ்.எஸ்.டி. என்றால் இன்னும் கஷ்டம், தகவலே அந்தப் போர்டில்தான் இருக்கிறது.

இனி செத்த பெட்டியிடம் போ. வாடிக்கையாளரிடம் முதலில் கேள்: அதே நேரத்தில் டி.வி., பிரிட்ஜ், ரூட்டர் ஏதாவது போனதா? தெருவில் நியூட்ரல் கட்டானால் 230 வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை ஒட்டிக்கூட வரலாம். அப்போது பெட்டியின் வாசலிலேயே பட்டன் மாதிரி வட்டமாக இருக்கும் வேரிஸ்டர் வெடித்து ஃப்யூஸ் போயிருக்கும். அது கோரமாகத் தெரிந்தாலும் பலசமயம் நல்ல செய்திதான். அடி முன்பக்கத்தோடு நின்று, போர்டு தப்பியிருக்கும். ஃப்யூஸை மட்டும் மாற்றிப் போட்டுவிடாதே. பின்னால் எதுவோ ஷார்ட்டானதால்தான் அது போயிருக்கும். இடி என்றால் நெட்வொர்க் கேபிள் வழியாகவும் வந்திருக்கலாம், அந்தக் கேபிள் சொருகும் போர்ட்டையும் பார்.

பெட்டியைத் திறப்பதாக இருந்தால் ஒன்று. பிளக்கைப் பிடுங்கியபிறகும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். மீட்டர் வைத்துப் பார்த்து, பல்பு வழியாக இறக்கு. ஸ்க்ரூடிரைவரால் தட்டி இறக்கும் பழக்கம் உனக்கு வேண்டாம்.

நான் மிகவும் பயப்படுவது சத்தமில்லாமல் சாகும் பெட்டிக்குத்தான். ஊதா ஒயரில் வரும் ஸ்டாண்ட்பை 5 வோல்ட், மெஷின் ஆஃபில் இருந்தாலும் போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. சில பழைய டிசைன்களில் அந்தப் பகுதியில் ஒரு சின்னக் கெபாசிட்டர் காய்ந்துபோனால் 5 என்பது மெல்ல ஏறும். ராத்திரி ஆஃப் செய்தேன், காலையில் டெட் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அந்த ஊதாவில் 5.25க்கு மேல் கண்டால் பெட்டியை எந்தப் போர்டிலும் மாட்டாதே. பச்சை ஒயரையும் கறுப்பையும் சேர்த்து ஆன் செய்து, 12 வோல்ட் வரும் மஞ்சளையும் பார்; 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருக்கவேண்டும். லோடு இல்லாமல் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். நான் 12 வோல்ட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டிப் பார்ப்பேன். மேல்பக்கம் உப்பிய கெபாசிட்டர் இருந்தால் மீட்டர் சரியென்று சொன்னாலும் நம்பாதே. ரிப்பிள் அதில் தெரியாது.

போர்டுக்கு வா. கரண்ட் இல்லாமல், ப்ராசஸருக்கான எட்டுப் பின் சாக்கெட்டில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் ஓம் பார். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் பக்கத்திலுள்ள மாஸ்ஃபெட் போயிருக்கும். அந்தப் போர்டில் வேறு நல்ல ப்ராசஸரைப் போட்டுச் சோதிக்கவே கூடாது. ஒன்றேகால் வோல்ட் போல வாங்கவேண்டியதற்கு 12 நேராகப் போய்விடும். மாஸ்ஃபெட்டை அடுத்த காயிலுக்கு மறுபக்கம் ஒன்றிரண்டு ஓம் காட்டினால் பதறாதே, ப்ராசஸர் இருக்கும்போது அது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு நல்ல போர்டைக் கழித்துக்கட்டியவர்களை நான் அறிவேன்.

'போர்டும் போச்சு' என்று வாடிக்கையாளரிடம் இப்போதே சொல்லிவிடாதே. அந்த வார்த்தைக்கு அவர் சில ஆயிரம் கொடுக்கவேண்டியிருக்கும். எதைச் சோதித்தாய், எதைச் சோதிக்கவில்லை என்று பில்லிலேயே எழுதிக் கொடு.

நாளைக்கு டிஸ்க் இல்லாமல், கார்டு இல்லாமல், ஒரே ஒரு ராமோடு ஒருமுறை மட்டும் ஆன் செய். எட்டுப் பின்னில் ஓம் சரியாக இருந்தால் மட்டும். பேன் நிற்காமல் ஓடினால் ஷார்ட் டிஸ்க்கிலோ கார்டிலோ கழற்றிய ராமிலோதான். டிஸ்க்காக இருந்தால் அதைத் துணியில் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே எடுத்துக்கொண்டு வா. டயோடை நான் எடுத்துக் காட்டுகிறேன். அதுவரை அதற்குக் கரண்ட் காட்டாதே.

அன்புடன்,
அண்ணன்