வன்தட்டுப் பிழையும் தரவுக் காப்பும்

மறைந்த பாட்டியின் குரற்பதிவு, குழந்தையின் முதல் ஒளிப்படம் போன்றவை இன்று இல்லத்துச் சேமிப்புச் சேவையகத்தின் வன்தட்டுகளில் வாழ்கின்றன. தட்டொன்று பழுதுற்றாலும் தரவு அழியாதிருக்க, ‘ரெய்டு’ என்னும் தட்டுக்கூட்டு முறை உதவுகிறது. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இம்முறையை விளக்கியது.

ரெய்டு 5 அமைப்பு ஒரு தட்டின் இழப்பையே தாங்கும். புதிய தட்டைப் பொருத்தி மீளமைக்கும்போது எஞ்சிய தட்டுகள் முழுமையாகப் படிக்கப்படும். அவற்றுள் மறைந்திருந்த பழுது அப்போது வெளிப்படலாம். ஆதலின் பிழைச்செய்தி தோன்றியவுடன், சீர்செய்ய முனையுமுன், படிக்க இயலும் கோப்புகளை வேறொரு தட்டில் நகலெடுத்தல் வேண்டும். பின்னரே, காரணம் தேய்ந்த தட்டா, தளர்ந்த இணைப்பு வடமா என ஆராய்தல் வேண்டும். தட்டின் தன்னாய்வுப் பதிவில் பழுதுற்ற பகுதிகளின் எண்ணிக்கை பெருகுமாயின், அத்தட்டை மாற்றுவதே தக்கது.

தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு மீட்டுத் தராது; அவ்வழிப்பு எல்லாத் தட்டுகளிலும் ஒருசேர நிகழ்ந்துவிடும். எனவே மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒரு படி வேறிடத்தில் என்பதே வருமுன் காக்கும் நெறியாகும்.