தொழில் பாடம்: பணம் கணக்கில் ஏறினால்தான் விற்பனை



போன மாதக் கூட்டத்தில் பல குழுக்கள் ஒரே கேள்வியைக் கேட்டன. "இணையத்துல, வாட்ஸ்அப்புல ஆர்டர் எடுக்கறோம். வேணும்னு சொல்றாங்க, விலையும் பேசி முடிக்கறாங்க. பொருள் தயாரானதும் போனை எடுக்கறதில்ல. என்ன பண்றது?" இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான்.

நடந்தது என்ன?

மறைமலை நகர் பக்கத்தில் நம் குழு ஒன்று தாம்பூலப் பை தைக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு 250 பை வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்தது. பை ஒன்று 40 ரூபாய், மொத்தம் 10,000 ரூபாய். மாப்பிள்ளை, பொண்ணு பெயரை அச்சடிக்கச் சொன்னார்கள். முன்பணம் கேட்கக் கூச்சப்பட்டு, குழுவில் உள்கடன் எடுத்துத் துணி, நூல், அச்சுக்கு 6,000 ரூபாய் செலவு செய்தார் உறுப்பினர். பை தயாரான அன்று, "வேற இடத்துல வாங்கிட்டோம்" என்று ஒரு வரி வந்தது. அதன் பிறகு போன் அணைந்துவிட்டது.

பெயர் அச்சடித்த பையை யார் வாங்குவார்? பெயருக்கு மேல் துணி ஒட்டி, 200 பையை 20 ரூபாய் வீதம் விற்றார்கள். வந்தது 4,000 ரூபாய். கைக்காசில் 2,000 ரூபாய் நஷ்டம், தையல் கூலி ஒரு பைசா இல்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், "உன்னாலதானே?" என்று கூட்டத்தில் எழுந்த பேச்சு. அந்த அக்கா இரண்டு கூட்டத்துக்கு வரவே இல்லை.

தவறு அந்த அக்காவிடமா? இல்லை. நம்மிடம் விதி இல்லாததுதான் தவறு.

நம்ம ஊர் ஏலம் சொல்லும் பாடம்

ஊரில் புளியமர ஏலமோ, ஏரி மீன் பாசி ஏலமோ நடப்பதைப் பார்த்திருப்போம். டேவணித் தொகை கட்டியவர்தான் விலை கேட்க முடியும். ஏலம் எடுத்துவிட்டு மீதியைக் கட்டாவிட்டால் டேவணி போய்விடும், மறு ஏலம் விடுவார்கள். அதனால் அங்கே விளையாட்டுக்குக் கேட்பவர் குறைவு.

இணையத்தில் நடக்கும் ஏலத்தில் பெரும்பாலும் டேவணி கிடையாது. வீட்டில் உட்கார்ந்து ஒரு பொத்தானைத் தட்டினால் விலை கேட்டதாகிவிடும். ஆசையில் கேட்பார்கள், பிறகு மனசு மாறுவார்கள். கேட்க எதுவும் செலவில்லை என்றால், விட்டுப் போகவும் எதுவும் செலவில்லை.

இணைய ஏலத்தில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் 1995-ல் தொடங்கிய ஈபே உலகம் முழுக்கப் பெயர் பெற்ற ஏலத் தளம். நம் நாட்டில் 2000-ல் மும்பையில் பாஸி.காம் தொடங்கியது. 2004-ல் அதை ஈபே வாங்கியது. பிறகு 2017-ல் ஈபேயின் இந்தியத் தொழில் பிளிப்கார்ட்டிடம் போனது. இந்தியத் தளம் 2018-ல் மூடப்பட்டது. ஆனால் இங்கிருந்து வெளிநாட்டுக்கு விற்பவர்கள் இன்றும் ஈபே வழியாக விற்கிறார்கள். பணம் கட்டாதவர்களுக்கு அங்கே உள்ள முறையைப் பாருங்கள்.

1. ஏலம் முடிந்ததும் பணம் கட்ட 4 நாள் கெடு. அதுவரை பொருளை அனுப்பக் கூடாது.

2. கெடு தாண்டினால், "பணம் கட்டவில்லை" என்று காரணம் காட்டி விற்பவர் ஆர்டரை ரத்து செய்யலாம். விற்பனைக்காகத் தளம் போட்ட கட்டணம் விற்பவருக்குத் திரும்ப வரவு வைக்கப்படும். கட்டாதது வாங்குபவர் கணக்கில் பதிவாகும்.

3. அடுத்த விலை கேட்டவருக்கு "உங்கள் விலைக்கே தருகிறோம், வேண்டுமா?" என்று இரண்டாம் வாய்ப்பு அனுப்பலாம்.

4. ஏமாற்றியவர் மறுபடி நம் பொருளைக் கேட்காதபடி தடுத்து வைக்கலாம்.

இந்தியத் தளம் இருந்தபோது பைசாபே என்ற முறையும் இருந்தது. வாங்குபவர் முதலில் பணம் கட்டுவார், பணம் நடுவில் நிற்கும். பொருளை அனுப்பிய பிறகு விற்பவருக்கு வந்து சேரும்.

கவனியுங்கள், இதில் சண்டை இல்லை, சாபம் இல்லை. கெடு, ரத்து, அடுத்த ஆள். அவ்வளவுதான்.

நமக்கு நாமே டேவணி

வாட்ஸ்அப் விற்பனையில் நமக்கு விதி போட எந்தத் தளமும் இல்லை. நாம்தான் போட வேண்டும்.

முன்பணம்: மூலப்பொருள் செலவு முழுவதும் முன்பணமாக வர வேண்டும். தாம்பூலப் பைக் கணக்கில் அது 6,000 ரூபாய். வந்திருந்தால் கைக்காசு போயிருக்காது. பெயர் போட்ட பொருள், அளவு எடுத்துத் தைக்கும் பொருள் என்றால் இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். "எங்க சங்க விதிங்க, தீர்மானம் போட்டிருக்கோம்" என்று சொன்னால் கூச்சம் போய்விடும்.

எழுத்து: பொருள், எண்ணிக்கை, விலை, முன்பணம், கொடுக்கும் தேதி, மீதி கட்டும் தேதி ஆகியவற்றை எழுதி அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வாங்குங்கள். அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள்.

மீதிப் பணம்: பொருள் கிளம்பும் முன் வர வேண்டும். "பணம் அனுப்பிட்டேன்" என்று வரும் படத்தை நம்பாதீர்கள். போலிப் படம் தயாரிப்பது சுலபம். வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பார்த்த பிறகுதான் பார்சல் கட்ட வேண்டும். பணம் வாங்குவதற்கு நாம் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் அது திருட்டு. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

பணம் வரவில்லையா? படிப்படியாக...

முதல் நாள் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: "வணக்கம் சார். உங்கள் 250 பையும் தயார். மீதி 4,000 ரூபாய் வரும் வெள்ளிக்குள் அனுப்பினால் சனிக்கிழமை பார்சல் போட்டுவிடுகிறோம்." மனுஷங்களுக்கு மறதியும் உண்டு, கஷ்டமும் உண்டு. முதல் செய்தியிலேயே திட்ட வேண்டாம்.

கெடு தாண்டினால் இரண்டாவது செய்தி: "இன்னும் மூன்று நாளில் பணம் வராவிட்டால் பொருளை வேறு ஒருவருக்கு விற்றுவிடுவோம்." இது வெறும் மிரட்டல் இல்லை. 1930-ம் வருடப் பொருள் விற்பனைச் சட்டம் தரும் உரிமை. பணம் வராதவரை, நம் கையில் உள்ள பொருளை நாமே வைத்துக்கொள்ளலாம். அறிவிப்பு கொடுத்து, நியாயமான காலம் காத்திருந்து, வேறு ஒருவருக்கு விற்கலாம். அதில் வந்த நஷ்டத்தையும் கேட்கலாம். கெட்டுப்போகும் பண்டம் என்றால் அறிவிப்புகூடத் தேவையில்லை.

பொருளும் போய், பணமும் வரவில்லை என்றால் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்தில் பேசித் தீர்க்கவும் வழி உண்டு.

கம்பெனிக்கோ கடைக்கோ நாம் தயாரித்த பொருளைக் கொடுக்கிறோமா? முன்கூட்டியே உத்யம் பதிவு செய்து கொள்ளுங்கள். இது இலவசம். 2006-ம் வருட குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் வட்டியோடு தர வேண்டும்.

செய்யக் கூடாதது

கோபத்தில் அவர் போட்டோவையும் நம்பரையும் குரூப்பில் போட்டு "மோசடி" என்று எழுதாதீர்கள். நியாயம் நம் பக்கம் இருந்தும் புகார் நம் மேல் வந்துவிடும். ஈபேயிலும் 2008 முதல், விற்பவர் வாங்குபவரைக் குறை சொல்லிக் கருத்து எழுத முடியாது. தளத்திடம் புகார் மட்டும் செய்யலாம்.

தனியாகச் சுமக்க வேண்டாம்

5,000 ரூபாய்க்கு மேல் ஆர்டர் என்றால் கூட்டத்தில் வைத்து, தீர்மான நோட்டில் எழுதிய பிறகு எடுப்போம். விதிப்படி எடுத்த ஆர்டரில் நஷ்டம் வந்தால் அது குழுவின் நஷ்டம். லாபம் வரும்போது "நம்ம ஆர்டர்" என்றும், நஷ்டம் வரும்போது "அவ ஆர்டர்" என்றும் சொல்வது சங்கத்துக்கு அழகில்லை.

அந்தத் தாம்பூலப் பைக் குழு இப்போது முன்பணம் இல்லாமல் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. சிலர் "அப்படின்னா வேண்டாம்" என்று போகிறார்கள். போகட்டும். போகிறவர்கள் துணி வெட்டும் முன்பே போகிறார்கள், அதுவே லாபம். அந்த அக்காவும் கூட்டத்துக்கு வருகிறார். ஆர்டர் நோட்டை எழுதுவது இப்போது அவர்தான்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் பொருளுக்கு மூலப்பொருள் செலவு எவ்வளவு? அப்படியானால் முன்பணம் எவ்வளவு கேட்க வேண்டும்?

2. மீதிப் பணத்துக்கு எத்தனை நாள் கெடு?

3. எவ்வளவு தொகைக்கு மேல் ஆர்டரைக் கூட்டத்தில் வைக்க வேண்டும்?

4. கடைசியாக நம்மை ஏமாற்றிய ஆர்டரில் எந்த இடத்தில் நாம் விதியை விட்டோம்?

பதில்களைத் தீர்மானமாக எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த மாதம் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள்.