அரண்மனைக் கதையும் நம் நாவும்

நம் மஜ்லிஸ்களில் நடக்கும் பேச்சைப் பற்றி இன்றைய ஜும்ஆவில் பார்ப்போம்.

நமது அரியலூர், பெரம்பலூர் பகுதியில் ராஜா கதைக்குப் பஞ்சமில்லை. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்திலேயே ராஜேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த பொன்னியின் செல்வனை நம் பாட்டன்மார் காலத்தில் படித்தார்கள். மணிரத்னம் அதை 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகப் படமாக வெளியிட்ட பிறகு, இஷா தொழுதுவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்காரும் வாலிபர்களும் அதையே பேசுகிறார்கள். பத்திரிகைச் செய்தி, சோழர் குடும்பச் சண்டை, புதுப்படம் என்று பேச்சு நீளுகிறது. (சினிமா பார்ப்பதன் சட்டம் வேறொரு ஜும்ஆவுக்கு.)

நண்பர்கள் கூடிப் பேசுவதே தவறு என்று எண்ண வேண்டாம். ஃபஜ்ர் தொழுத இடத்தில் நபி (ஸல்) அவர்கள் சூரியன் உதிக்கும் வரை அமர்ந்திருப்பார்கள், ஸஹாபாக்கள் அறியாமைக் காலத்துச் சங்கதிகளைப் பேசிச் சிரிப்பார்கள், நபியவர்கள் புன்னகைப்பார்கள். ஜாபிர் பின் ஸமுரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிமில் இருக்கிறது. 11 பெண்களின் நீண்ட கதையை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னபோதும் நபியவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள்.

ஆனால் ஆதித்த கரிகாலன் கொலை கற்பனை அல்ல. உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதில் ஆய்வாளர்கள் யூகத்தை யூகம் என்றே எழுதுகிறார்கள். பெஞ்சிலோ ஒருவர் உத்தம சோழன்தான் என்று அடித்துச் சொல்கிறார். இன்னொருவர் தம்பி ராஜராஜன் மீதே பழி போடுகிறார். இறந்தவர்களை ஏசக் கூடாது, அவர்கள் தாம் முற்படுத்தியதைப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்ற நபிமொழி புகாரியில் உண்டு. 1,000 வருடத்துக்கு முந்தியவர்தானே என்று நினைக்கலாம். சாட்சியில்லாமல் தீர்ப்புச் சொல்லிப் பழகிய நாவு அங்கே நிற்பதில்லை.

நந்தினி கல்கியின் கற்பனை. அவளைப் பற்றி என்ன பேசினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அவளாக நடித்த பெண் கற்பனை அல்லவே! பேச்சு நந்தினியிலிருந்து அந்தப் பெண்ணுக்கும், அவரது குடும்ப வாழ்க்கைக்கும், பிறகு நம் தெருவில் ஒரு வீட்டுக்கும் வந்துவிடுகிறது. ஒருவரிடம் உள்ள குறையைச் சொன்னால் ஃகீபத், இல்லாததைச் சொன்னால் அவதூறு என்று நபியவர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நடிகைதானே, நம் மார்க்கத்தவர் இல்லையே என்பவர்களுக்கு, ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்புக்கூட உங்களை அநீதிக்குத் தூண்ட வேண்டாம் என்ற கருத்துள்ள அல்மாயிதாவின் 8வது வசனமே பதில்.

அல்லாஹுத்தஆலாவே ஒரு பெரிய இடத்துக் கதையை யூஸுஃப் சூராவில் சொல்கிறான். அதில் ஒரு பெண் தவறு செய்கிறாள். பிறகு ஒப்புக்கொள்ளவும் செய்கிறாள். சொல்பவனோ எல்லாம் அறிந்தவன். அப்படியிருந்தும் அவள் பெயர் குர்ஆனில் இல்லை. அஜீஸின் மனைவி, அவ்வளவுதான். ஸுலைகா என்ற பெயரெல்லாம் வெளியிலிருந்து வந்தது. நகரத்துப் பெண்கள் அவளைப் பற்றிக் கூடிப் பேசியதையும் அல்லாஹ் சொல்கிறான். அப்படிப் பேசியவர்கள்தாம் யூஸுஃப் (அலை) அவர்களைக் கண்டதும் தங்கள் கைகளையே அறுத்துக்கொண்டார்கள்.

மஜ்லிஸ் கலையுமுன் ஓத நபியவர்கள் ஒரு துஆ கற்றுத் தந்தார்கள். அங்கு நிகழ்ந்த வீண்பேச்சு அதனால் மன்னிக்கப்படும். ஆனால் பிறர் மானத்தைப் பேசியது அடியார் உரிமை. அது சம்பந்தப்பட்டவரின் மன்னிப்போடு சேர்ந்தது என்று உலமாக்கள் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் நாளைக்கே போய்க் கேட்டுவிடலாம். சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் ஒரு நடிகையிடம் எப்படிப் போய்க் கேட்பது? “ஸுப்ஹானகல்லாஹும்ம” என்று தொடங்கும் அந்த துஆவை மக்தபில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். தெரியாத பெரியவர்கள் மஃரிபுக்குப் பிறகு வந்து கேட்டுக்கொள்ளலாம்.