கியர் கழருகிறதா? சின்னப் பின்னைப் பாருங்கள்



நம் லயத்துப் பிள்ளைகள் பலர் கராஜ் வேலை பழகப் போகிறார்கள். மலைநாட்டுக் கராஜ்களுக்கு மோரிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற பழைய கார்கள் இன்றும் வருகின்றன. ஆகவே இந்த முறை கியர் பொக்ஸ் பற்றி ஒரு சிறு பாடம்.

சில வருசங்களுக்கு முன் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு பழைய கார் ஒன்றில் ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். சரிவில் இரண்டாம் கியரில் போனது வண்டி. வளைவொன்றில் ஸ்டியரிங்கைத் திருப்ப டிரைவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. கியர் தடியை விட்டார். 'டக்' என்று கியர் கழன்றுவிட்டது. வண்டி வேகமெடுத்தது. பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து மண்மேட்டோரம் நிறுத்தினார். "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டோம். "ஒரு மாசமா கையால புடிச்சிக்கிட்டுத்தான் ஓட்டுறேன் ஐயா" என்றார்.

பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது, காரணம் தளர்ந்துபோன ஒரு பின்.

எப்படி நடக்கிறது?

கியர் தடியை அசைத்தால் உள்ளே ஒரு இரும்புத் தண்டு நகரும். அதில் கவட்டை போன்ற போர்க் பூட்டியிருக்கும். அதுதான் பற்சக்கரத்தைத் தள்ளிச் சேர்க்கும். போர்க்கைத் தண்டோடு பிடித்து வைப்பது, சில வண்டிகளில் ஒருபக்கம் மெலிந்த பின். சில வண்டிகளில் ஸ்க்ரூ. இது தளர்ந்தால் தண்டு முழுதாக நகரும், போர்க் முழுதாக நகராது. பற்கள் அரைகுறையாகப் பிடிக்கும், பாரம் வந்ததும் கழன்றுவிடும். தடியைக் கையால் அழுத்திப் பிடித்தால் போர்க்கும் தேயும்.

செய்யும் முறை

1. சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஒயிலை வடித்து, இரும்புத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

2. மூடியைக் கழற்றி, ஒவ்வொரு போர்க்கையும் தண்டின் மேல் அசைத்துப் பாருங்கள். கொஞ்சமும் ஆடக்கூடாது. ஆடாவிட்டால் தண்டை நிறுத்தும் குண்டையும் ஸ்பிரிங்கையும், பற்சக்கரப் பற்களையும் பாருங்கள். அவை தேய்ந்தாலும் கியர் கழரும்.

3. கீழே துணி விரித்து, பின்னை மெலிந்த பக்கத்திலிருந்து தட்டி எடுங்கள். தடித்த பக்கம் தட்டினால் இன்னும் இறுகும். ஸ்க்ரூ என்றால் முதலில் பூட்டு நட்டை அல்லது கட்டுக் கம்பியைக் கழற்றுங்கள்.

4. துளை வட்டமாக இருந்தால் அதே அளவில் புதுப் பின் போதும். முட்டை வடிவமாகிவிட்டால், போர்க்கையும் தண்டையும் சேர்த்துப் பிடித்து, சரிவு ரீமரால் துளையைச் சீராக்கி அடுத்த அளவுப் பின் போட வேண்டும். அங்குல அளவுப் பின்னின் சரிவு 48க்கு 1, மில்லிமீற்றர் பின்னின் சரிவு 50க்கு 1. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். துளை மிகப் பெரிதாகிவிட்டால் தண்டையும் போர்க்கையும் மாற்றுவதே சரி.

5. பின்னை இறுக்கித் தட்டி, கழராதபடி பூட்டுங்கள். மூடுமுன் எல்லாக் கியரையும் கையால் போட்டுச் சுற்றிப் பாருங்கள். பின் எதிலும் இடிக்கக்கூடாது. பிறகு ஒயில் ஊற்றுங்கள்.

செய்யக்கூடாதவை

பின்னுக்குப் பதிலாக ஆணி அடிக்காதீர்கள். ஆணி மெதுவான இரும்பு, சரிவும் இல்லை. சீக்கிரம் கழன்று பற்சக்கரங்களுக்கு நடுவே விழும். பல் உடையும், பெட்டி இறுகிப் பின்சில்லும் நின்றுவிடலாம். பெட்டிக்குள் வைத்தே வெல்டிங் பிடிப்பதும் வேண்டாம். சூட்டில் தண்டு வளையும்.

தம்பிமாரே, தனியாகச் செய்யுமுன் பாஸிடம் கேட்டு ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். பெற்றோரே, வாடகைக் காரில் போகும்போது டிரைவர் கியர் தடியைப் பிடித்துக்கொண்டே ஓட்டினால் சும்மா இருக்காதீர்கள். இறக்கம் வருமுன் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். வேறு வண்டி கிடைக்கக் கொஞ்சம் நேரம் போனாலும் பரவாயில்லை.