பழைய டிவிஆரைத் தூக்கிப் போடும் முன்

தாராபுரம் பக்கத்து அரிசி ஆலைகளிலும் நூற்பாலைகளிலும் கோழிப்பண்ணைகளிலும் பழைய கேமரா டிவிஆர்கள் இன்னும் ஓடுகின்றன. டிவியில் படம் தெளிவாக வரும். ஆபீஸ் கம்ப்யூட்டர் பிரவுசரில் திறந்தால் மட்டும் லாகின் வரை வந்து, பிளகின் கேட்டு நின்றுவிடும். "பெட்டி போச்சுங்க, புதுசு மாத்திருங்க" என்பார்கள். அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

பிரவுசரில் வரும் டிவிஆர் பக்கம் படம் காட்டுவது ஆக்டிவ்எக்ஸ் பிளகின் மூலம். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கென்றே எழுதியது. மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-இல் அந்த பிரவுசருக்கு ஆதரவை நிறுத்தியது. 2023 பிப்ரவரியில் எட்ஜ் பிரவுசரின் அப்டேட் வழியாக விண்டோஸ் 10-லும் முடக்கிவிட்டது. குரோமுக்கு ஆக்டிவ்எக்ஸ் ஆகவே ஆகாது. தன்னிடமிருந்த வேறு வகைப் பழைய பிளகின்களையும் 2015-லேயே கைவிட்டுவிட்டது. நமக்கு மிச்சமிருப்பது எட்ஜின் ஐஇ (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்) மோடு. குறைந்தது 2029 வரை அது இருக்கும் என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் கொடுத்து, டிவிஆரின் ஐபி எண்ணைத் தட்டுங்கள். பதில் வராவிட்டால் கேபிளையோ ஐபி எண்ணையோதான் சரிபார்க்க வேண்டும், பிரவுசரை அல்ல.

பதில் வந்தால், எட்ஜ் செட்டிங்ஸில் டிஃபால்ட் பிரவுசர் பகுதிக்குப் போய், ஐஇ மோடில் ரீலோடு செய்வதற்கு 'அலோ' கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதே இடத்திலுள்ள பட்டியலில் டிவிஆர் முகவரியைச் சேருங்கள். இந்தப் பதிவு 30 நாளில் காலாவதியாகிவிடும். "போன மாசம் நல்லா ஓடுச்சுங்களே" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். திரும்பச் சேர்த்தால் போதும்.

அடுத்தது அனுமதி. கன்ட்ரோல் பேனலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி, டிரஸ்டட் சைட்ஸ். எச்டிடிபிஎஸ் கட்டாயம் என்ற டிக்கை எடுத்துவிட்டு முகவரியைச் சேருங்கள். பிறகு கஸ்டம் லெவலில், கையொப்பமில்லாத ஆக்டிவ்எக்ஸ் தொடர்பான வரிகளை 'பிராம்ப்ட்' ஆக்குங்கள். டிரஸ்டட் சைட்ஸுக்கு மட்டும்தான் இது. பக்கத்திலேயே உள்ள 'இன்டர்நெட்' மண்டலத்தில் தளர்த்தினால், எந்த வெப்சைட்டுக்கும் உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து விட்டதாகிவிடும்.

பிளகினை டிவிஆர் பக்கமே தரும் கோப்பிலிருந்து, அட்மினிஸ்ட்ரேட்டராக இன்ஸ்டால் செய்யுங்கள். எட்ஜை முழுவதும் மூடிவிட்டுச் செய்ய வேண்டும். தேடலில் கிடைக்கும் 'பழைய பிளகின்' தளங்கள் பக்கமே போகாதீர்கள்.

இன்னும் வரவில்லையா? எரரைப் பார்க்க உதவும் எஃப்12 விசை ஐஇ மோடில் உதவாது. விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் எஃப்12 என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதிலுள்ள ஐஇசூசரைத் திறந்து உங்கள் டேபைத் தேர்ந்தெடுத்தால் கன்சோல் வரும். 'ஆட்டோமேஷன் சர்வர் கான்ட் கிரியேட் ஆப்ஜெக்ட்' என்று காட்டினால், பிளகின் சரியாகப் பதிவாகவில்லை அல்லது அனுமதி கிடைக்கவில்லை. எரர் எதுவும் இல்லாமல் கட்டம் மட்டும் கறுப்பாக இருந்தால் போர்ட்டைச் சந்தேகியுங்கள். பக்கம் வருவது 80-ஆம் போர்ட்டில். படம் வேறு போர்ட்டில் வரும். ஹிக்விஷனுக்கு வழக்கமாக 8000, தஹுவாவுக்கு 37777. ஃபயர்வால் அதைத் தடுக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனை பாடும் வேண்டாம் என்றால், நிறுவனங்களே தரும் ஐவிஎம்எஸ்-4200, ஸ்மார்ட் பிஎஸ்எஸ் போன்ற மென்பொருள்களுக்குப் பிரவுசரே தேவையில்லை. தினமும் பார்ப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று இந்தப் பழைய பெட்டிக்கு ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போடாதீர்கள்; அது பெட்டியை இணையத்துக்குத் திறந்துவிடும். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்துத்தான் அமெரிக்காவில் பெரிய தளங்களை முடக்கியது. உங்கள் பெட்டியின் பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள்.