பேடல் இரட்டையர் ஆட்டம்: இணையோடு சேர்ந்து நகர்வதற்கு முழுமையான வழிகாட்டி

பேடல் களத்தின் நீளம் 20 மீட்டர், அகலம் 10 மீட்டர். சுற்றிலும் கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும். ஓரத்தில் தப்பிய பந்தைச் சுவர் பல நேரம் திருப்பித் தந்துவிடும். நடுவில் வரும் பந்துக்குத்தான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே, நடுவை மூடப் பழகுங்கள்.

படி 1: பக்கத்தை முடிவு செய்யுங்கள்

இருவரும் வலக்கையர் என்றால், இடப்பக்கம் நிற்பவரின் ஃபோர்ஹேண்ட் நடுவை நோக்கி இருக்கும். நடுப்பந்து பெரும்பாலும் அவருடையது. ஒருவர் இடக்கையர் என்றால் அவரை வலப்பக்கம் நிறுத்துங்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களான இடக்கையர் அர்துரோ கோயெல்லோ, அகுஸ்தின் தாப்பியா இணை அப்படித்தான் ஆடுகிறது.

படி 2: வலைக்குச் சேர்ந்து போங்கள்

சர்வ் போட்டதும் முன்னேறி, ஏற்கெனவே வலையருகே நிற்கும் இணையோடு சேருங்கள். வலையிலிருந்து 2 முதல் 3 மீட்டர் தள்ளி நின்றால் போதும். எதிரணி சர்வ் போடும்போது இருவருமே பின்னால் நில்லுங்கள். டென்னிஸ் பழக்கத்தில் ஒருவர் மட்டும் வலையருகே நின்றால் பெரிய இடைவெளி விழும்.

படி 3: பந்து போகும் பக்கம் நகருங்கள்

ஒரே நுகத்தடியில் பூட்டிய மாடுகளைப் போல நகர வேண்டும். பந்து உங்கள் வலப்பக்க எதிர்மூலைக்குப் போகிறதா? வலப்பக்க ஆட்டக்காரர் ஓரத்தை அடைக்கட்டும். இடப்பக்கத்தவர் நடுவுக்கு வரட்டும். இடது ஓரம் திறந்துதான் கிடக்கும். பரவாயில்லை, அங்கே குறுக்காக அடிப்பதுதான் எதிராளிக்குக் கடினம்.

படி 4: தலைக்கு மேல் லாப் வந்தால்

எட்டினால், ஸ்மாஷ் ஆசையை அடக்கி, பந்தேகா என்னும் வெட்டு அடியால் ஆழமாக அனுப்பிவிட்டு வலைக்குத் திரும்புங்கள். எட்டாவிட்டால் இருவருமே பின்வாங்குங்கள். சர்வீஸ் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நின்று, பந்து கண்ணாடியில் பட்டு வரும்வரை பொறுத்து, உயரமாக லாப் போடுங்கள். எதிரணி பின்னால் ஓடும் அந்த நேரத்தில் இருவரும் முன்னேறலாம்.

படி 5: வாயைத் திறந்து பேசுங்கள்

“எனக்கு”, “உனக்கு”, “விடு”. இந்த மூன்று சொல் போதும்; பந்து தரையைத் தொடும் முன்பே சொல்லிவிட வேண்டும். அடிப்பவர் கண் பந்தின் மேல் இருக்கும். அதனால் எதிரணி வலைக்கு வந்துவிட்டதா, பின்னால் நிற்கிறதா என்று இணைதான் சொல்ல வேண்டும்.

முதல் பயிற்சி

புள்ளிக் கணக்கும் ஸ்மாஷும் இல்லாமல் 10 நிமிடம் ஆடுங்கள்: லாப் போடுவது, சேர்ந்து முன்னேறுவது, சேர்ந்து பின்வாங்குவது. கால்கள் ஒன்றாக நகரத் தொடங்கிய பிறகு புள்ளி எண்ணலாம்.