உணர்விழந்த கால் வலிப்பது ஏன்? கஞ்சா மருந்து அதைத் தணிக்குமா?

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் ரிங்லெட்டைத் தாண்டியதும் மலைச்சரிவுகளில் தேயிலைச் செடிகள் தெரியத் தொடங்கும். 1929இல் ஜே. ஏ. ரசல் ‘போ’ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் முன்னோர் அங்கே கொழுந்து பறித்திருக்கிறார்கள். சுற்றுப்பயணிகளுக்குச் சரிவு அழகானது. மழைக்குப் பின் அதில் மூட்டையோடு இறங்குபவருக்கோ ஒவ்வோர் அடியும் கவனம்.

அப்படி இறங்கிய ஒருவர் வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு இல்லை. காலில் ஊசி குத்தினாலும் தெரியாது. ஆனால் இரவானால், “காலு நெருப்பா எரியுது, கரண்டு பாயுற மாதிரி இருக்கு” என்கிறார். வீட்டார் குழம்புகிறார்கள். உணர்வே இல்லாத கால் எப்படி வலிக்கும்? எல்லாம் மனப்பிரமை என்று சிலர் சொல்லியும் விடுவார்கள்.

அது பிரமை அல்ல. தண்டுவடத்தில் அடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த நரம்பு வலி வருகிறது.

படிவம் 4 உயிரியலில் நரம்பு மண்டலத்தைப் படித்திருப்பீர்கள். தண்டுவடம் சுமார் 45 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. காலில் முள் குத்தினால் அந்தச் செய்தி தண்டுவடத்தின் வழியாக மூளைக்கு ஏறுகிறது. கால் வலிப்பதாக முடிவு செய்வது மூளைதான். பாதை நடுவில் அறுந்துவிட்டால் கீழிருந்து செய்தி வராது. ஆனால் அறுபட்ட இடத்துக்கு அருகிலும் மேலேயும் உள்ள நரம்பணுக்கள் சும்மா இருப்பதில்லை. வழக்கமாக வரும் செய்தி நின்றுபோனதால் அவை மிகைத் தூண்டலுக்கு ஆளாகித் தாமாகவே துடிக்கின்றன. அவற்றை அடக்கிவைத்த நரம்பணுக்களும் சேதமடைந்திருக்கும். வந்து சேரும் துடிப்பை மூளை, காலிலிருந்து வந்த வலியாகவே படிக்கிறது. காயம் ஆறிய பிறகும் வலி ஆண்டுக்கணக்கில் நீடிப்பது இதனால்தான். சாதாரண வலி மாத்திரைகள் இதில் பெரிதாக எடுபடாததற்கும் இதுவே காரணம்.

மருத்துவர்கள் முதலில் தருவது கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள். துடிக்கும் நரம்பணுக்களை இவை ஓரளவு அமைதிப்படுத்தும். எல்லாருக்கும் போதிய நிவாரணம் கிடைப்பதில்லை. அந்த ஏமாற்றத்தில்தான், “கஞ்சா எண்ணெய் இருக்கே, முயற்சி பண்ணிப் பாருங்க” என்று யாராவது சொல்வது காதில் விழுகிறது.

அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை? நம் தேயிலையிலிருந்தே தொடங்குவோம்.

மூளை நாள் முழுவதும் வேலை செய்யும்போது அதில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது நரம்பணுவின் ஏற்பியில் போய் ஒட்டினால் தூக்கம் வரும். தேநீரில் உள்ள கஃபீன் அதே ஏற்பியில் முன்னதாகவே உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. நமக்கு விழிப்பு வருகிறது. ஓர் இலையில் உள்ள பொருள் மனிதனிடம் வேலை செய்கிறது என்றால், அதற்குப் பொருந்தும் பூட்டு ஒன்று நம் உடலில் இருக்க வேண்டும்.

கஞ்சாவுக்கும் அப்படித்தான். அதன் முக்கியப் பொருளான டி.எச்.சி.யை 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம், யெஹியேல் கவோனி இருவரும் பிரித்தெடுத்தார்கள். அது பொருந்தும் ஏற்பியின் மரபணு 1990இல் கண்டறியப்பட்டது. அந்தப் பூட்டுக்கு உடலே செய்யும் சாவி எது? 1992இல் மெக்கூலம் குழுவினர் அதையும் கண்டுபிடித்து ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டார்கள். நீங்கள் நினைப்பது சரிதான்: நமக்குத் தெரிந்த அதே ‘ஆனந்தம்’ என்ற வடசொல்தான்.

இந்தச் சாவியின் வேலை வித்தியாசமானது. செய்தியைப் பெறும் நரம்பணு இத்தகைய பொருள்களை வெளியிட, அவை பின்னோக்கிச் சென்று, செய்தி அனுப்பும் நரம்பணுவிடம் “போதும், குறைத்துக்கொள்” என்கின்றன. டி.எச்.சி.யும் அதே பூட்டைத் திறப்பதால் வலிச் செய்தி குறையலாம் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆனால் அந்தப் பூட்டு வலிப் பாதையில் மட்டும் இல்லை. நினைவாற்றல், உடல் அசைவு, முடிவெடுத்தல் ஆகியவற்றுக்கான மூளைப் பகுதிகளிலும் நிறைய உண்டு. தலைசுற்றல், மயக்கம், மறதி எல்லாம் வருவது அதனால்தான். மூளை இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பதால் உங்கள் வயதினருக்கு ஆபத்து கூடுதல்.

எதிர்பார்ப்பு நியாயமாக இருந்தால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டும். 2016இல் கலிபோர்னியாவில் தண்டுவடப் பாதிப்புள்ள 42 பேருக்குக் கஞ்சா ஆவி கொடுத்துப் பார்த்தார்கள். டி.எச்.சி. நீக்கிய போலி ஆவியைவிட அது வலியை அதிகம் குறைத்தது. குறைந்த அளவே ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. கூடிய அளவில் போதைதான் கூடியது. ஆனால் ஒவ்வொரு சோதனையும் சில மணி நேரமே நடந்தது. மாதக்கணக்கில் என்ன ஆகும் என்பதற்கு அதில் விடை இல்லை.

2010இல் வெளியான இன்னொரு சிறிய ஆய்வு எனக்கு இன்னும் சுவையாகப்பட்டது. அதில் டி.எச்.சி. மாத்திரையோடு ஒப்பிட வெறும் மாவு மாத்திரை தரவில்லை. டைபென்ஹைட்ரமின் என்ற ஒவ்வாமை மருந்தைத் தந்தார்கள். அதுவும் தூக்கத்தையும் வாய் வறட்சியையும் தரும். எனவே தமக்குக் கிடைத்தது எது என்று நோயாளியால் எளிதில் ஊகிக்க முடியாது. முடிவு? இரண்டுக்கும் வலியில் வித்தியாசம் தெரியவில்லை. பங்கேற்றவர்கள் பத்துப் பேர்கூட இல்லை என்பதால் இதையும் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. 2021இல் வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் எல்லா ஆய்வுகளையும் எடைபோட்டு, வலிக்குக் கஞ்சாப் பொருள்களைப் பொதுவாகப் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று போதாது என்று அறிவித்தது.

எண்ணெய்ப் புட்டிக்கு வருவோம். கொழுந்து பறித்த நாள், செடி வளர்ந்த உயரம், தொழிற்சாலையில் வாட்டிய நேரம் ஆகியவற்றுக்கேற்பத் தேயிலையின் சுவை மாறும். அதனால்தான் அதைச் சுவைத்துத் தரம் பிரிக்க ஆள் வைத்திருக்கிறார்கள். கஞ்சாச் செடியிலும் டி.எச்.சி. அளவு செடிக்குச் செடி மாறும். கள்ளச் சந்தைப் புட்டியை அளந்து பார்ப்பவர் எவருமில்லை. புகைப்பதும் தீர்வல்ல: கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவருக்கு இருமும் தசைகள் பலவீனமாக இருக்கும், நெஞ்சில் சேரும் சளியை வெளியேற்றவே அவர் சிரமப்படுவார்.

சட்டமும் விளையாட்டல்ல. 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி மலேசியாவில் கஞ்சா வைத்திருப்பதே குற்றம். 200 கிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கடத்தல் என்றே அனுமானிக்கப்படும். கடத்தலுக்கான கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டாலும், நீதிபதி அதை விதிக்க இன்னும் இடமுண்டு. அதே சமயம், கஞ்சா கலந்த மருந்தை முறைப்படி பதிவு செய்து, உரிமம் பெற்று இறக்குமதி செய்து, மருத்துவர் வழியாக நோயாளிக்குத் தரலாம் என்று 2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் விளக்கினார். மருத்துவரின் கையெழுத்து இல்லாத புட்டிக்கு அந்த வழி திறக்காது.

நம் கற்பனைத் தொழிலாளி என்ன செய்யலாம்? எரிகிறதா, குத்துகிறதா, எந்த நேரத்தில் கூடுகிறது என்று குறித்துவைத்து மருத்துவரிடம் அப்படியே சொல்லலாம். வலியின் தன்மையைப் பொறுத்தே மருந்து மாறும். வேலையிடத்தில் அடிபட்டவர் என்பதால் சொக்சோவிடமும் கேட்கலாம். மலாக்காவில் அதன் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் 2014இலிருந்து செயல்படுகிறது.

இனி உங்களுக்கு ஒரு வேலை. தேநீர் உண்மையிலேயே தூக்கத்தை விரட்டுகிறதா என்று உங்கள் வகுப்பில் சோதிக்க வேண்டும். ஒரு குழுவுக்குச் சூடான தேநீர். மற்றக் குழுவுக்கு வெறும் தண்ணீர் கொடுத்தால் என்ன தவறு நேரும்? அதற்குப் பதிலாக அந்தக் குவளையில் எதை ஊற்றுவீர்கள்?